ஃபோர்ட் அபாச்சி (1948): கடைசிக் காட்சியில் ஜான் வெய்ன் ஏன் பொய் சொல்கிறார்?

#1 பழையரீல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இழையில் முடிவு உட்பட முழுக் கதையும் அடிபடும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் ஓடிவிடாது.

ஜான் ஃபோர்டின் குதிரைப்படைப் படங்கள் மூன்றில் இதுதான் முதலாவது. உள்நாட்டுப் போரில் ஜெனரலாக இருந்த ஓவன் தர்ஸ்டே, போர் முடிந்ததும் லெஃப்டினன்ட் கர்னலாகக் கீழே இறக்கப்பட்டு, அரிசோனா பொட்டல்காட்டில் இருக்கும் ஒரு கோட்டைக்குத் தலைமை ஏற்க வருகிறார். ஹென்றி ஃபோண்டா. வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே அவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. சியூ, செயென் போன்ற பெரிய இனங்களோடு மோதி மற்ற அதிகாரிகள் பத்திரிகையில் பேர் வாங்கும்போது, தான் மட்டும் இங்கே கொசுக்கடியையும் உண்ணிக்கடியையும் சமாளிக்க வேண்டியிருக்கிறதே என்று புழுங்குகிறார். அபாச்சிகளைப் பல வருடமாக அறிந்த கேப்டன் கிர்பி யார்க் (ஜான் வெய்ன்), அவர்களை அவ்வளவு லேசாக எடைபோட வேண்டாம் என்கிறார். தர்ஸ்டே காதில் விழவில்லை.

பழங்குடிகளுக்கு அரசு ஒதுக்கிய நிலமான ரிசர்வேஷனில் அரசு ஏஜென்ட் மீச்சம் மோசடி செய்கிறான். அது தாங்காமல் அபாச்சித் தலைவர் கோச்சிஸ் தன் மக்களோடு மெக்ஸிகோவுக்குப் போய்விடுகிறார். யார்க் எல்லை தாண்டிப் போய், 'திரும்பி வந்தால் மரியாதையாகப் பேசலாம்' என்று வாக்குக் கொடுத்து அழைத்து வருகிறார். தர்ஸ்டே அந்த வாக்கையே பொறியாக வைத்துப் படையைக் கிளப்புகிறார். அமெரிக்க அதிகாரிக்கும் கோச்சிஸுக்கும் இடையே மானம், வாக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறார். 'எனக்கு இருக்கிறது' என்கிறார் யார்க். எனக்கு இந்தப் படத்தின் உச்சம் இந்த இடம்தான். துப்பாக்கிச் சண்டை எல்லாம் அப்புறம்.

அடுத்து நடப்பது தெரிந்ததே. யார்க்கைக் கோழை என்று ஏசி, சாமான் வண்டிகளோடு பின்னால் நிற்க வைத்துவிட்டு, பாறை இடுக்குக்குள் படையை நேராக ஓட்டிக்கொண்டு போகிறார் தர்ஸ்டே. அவரோடு போன மொத்தப் பேரும் சாகிறார்கள்.

சில வருடம் கழித்து யார்க்தான் படைத்தலைவர். பத்திரிகையாளர்கள் வருகிறார்கள். வாஷிங்டனில் தொங்கும் ஒரு ஓவியத்தைப் பற்றி ஒருவர் சிலாகிக்கிறார்: இறகுத் தொப்பியும் போர்ச்சாயமுமாக அணிவகுத்து நிற்கும் அபாச்சிகள், அவர்களை நோக்கி வீரத்தோடு பாயும் தர்ஸ்டே. படத்தில் நாம் பார்த்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யார்க் சொல்வது: எல்லா விவரமும் அப்படியே சரி.

கோச்சிஸுக்குக் கொடுத்த வாக்கு பொய்யானதற்காகத் தன் கர்னலை எதிர்த்து நின்ற மனிதர், கடைசியில் தானே ஒரு பொய்க்குச் சாட்சி சொல்கிறார். ஏன்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நடிகர்களைப் பற்றியும் பேசலாம், இவ்வளவு பேரை ஒரே படத்தில் பார்ப்பது அபூர்வம்.

#2 நடுவரிசை

இதில் என்ன சார் விவாதம்? ஜான் வெய்ன் படம். ராணுவத்தை விட்டுக் கொடுக்க மாட்டார். முடிந்தது.

#3 கறுப்புவெள்ளை

நடுவரிசை, அப்படி முடிந்துவிடாது. யார்க் பேசுவதற்கு முன்னால் அந்தப் பத்திரிகையாளர் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். தர்ஸ்டே மாதிரி ஆட்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், மற்றவர்கள்தான் மறக்கப்படுகிறார்கள் என்கிறார். அப்படிச் சொல்லும்போதே, தர்ஸ்டேவோடு செத்த கேப்டன் காலிங்வுட்டின் பெயரைத் தப்பாகச் சொல்கிறார். யார்க் உடனே திருத்துகிறார். ஓவியத்தைத் திருத்தாதவர் இந்தப் பெயரைத் திருத்துகிறார்!

இன்னொன்று. படம் முழுக்க தர்ஸ்டேவுக்கும் பெயர்கள் நிற்பதில்லை. இளம் லெஃப்டினன்ட் ஓ'ரூர்க்கை ஓ'ப்ரையன் என்கிறார், மர்ஃபி என்கிறார், சரியான பெயர் லேசில் வாயில் வருவதில்லை. ஐரிஷ்காரன், சார்ஜென்ட் மேஜரின் மகன், அவன் பெயர் எதற்கு என்ற அலட்சியம். எனவே கடைசிக் காட்சியில் யார்க் எதைக் காப்பாற்றுகிறார், எதை விட்டுக் கொடுக்கிறார் என்று தெளிவாகவே இருக்கிறது. தர்ஸ்டேவின் புகழ் போகட்டும், காலிங்வுட்டின் பெயர் போகக் கூடாது. எனக்கு அப்படித்தான் படுகிறது.

#4 ஓய்வுஹவில்தார்

இழையை ஆரம்பித்த சாருக்கு வணக்கம். நான் சினிமா பண்டிதன் இல்லை, ராணுவத்தில் இருந்தவன். அந்தக் கண்ணோட்டத்தில் ஒன்று சொல்கிறேன்.

யார்க் பொய் சொல்வது யாரிடம்? வெளியாட்களிடம். படைக்குள் யாருக்குத் தெரியாது நடந்தது? சாமான் வண்டிகளோடு நின்ற ஒவ்வொருவனும் கண்ணால் பார்த்தவன். ஒரு ரெஜிமென்ட்டுக்குள் எந்த அதிகாரி எப்படி என்பது சமையல்கூடத்தில் இருப்பவனுக்கும் தெரியும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் குறிப்பேட்டோடு வந்து கேட்டால் வாய் திறக்க மாட்டோம். அது தர்ஸ்டேவுக்காக இல்லை. அவருடைய மகள் அந்தக் கோட்டையில்தான் வாழ்கிறாள், ஓ'ரூர்க்கைக் கட்டிக்கொண்டு கையில் பிள்ளையோடு நிற்கிறாள். அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கும் பெயர் மைக்கேல் தர்ஸ்டே யார்க் ஓ'ரூர்க். தாத்தா கிறுக்குத்தனமாகப் படையைக் கொன்றார் என்று பத்திரிகையில் போட்டு யாருக்கு என்ன லாபம்?

இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது சண்டை இல்லை, சார்ஜென்ட்கள்தான். வார்டு பாண்ட் செய்த சார்ஜென்ட் மேஜர் ஓ'ரூர்க். அந்த ஆள் உள்நாட்டுப் போரில் ஐரிஷ் படையில் மேஜராக இருந்தவர், அமெரிக்காவின் உச்ச வீரப்பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் வாங்கியவர். அப்படி வாங்கியவர்களின் பிள்ளைக்கு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஜனாதிபதி நியமனம் உண்டு. மகன் எப்படி அங்கே சேர்ந்தான் என்று தர்ஸ்டே துருவிக் கேட்கும்போது அவர் விறைப்பாக நின்று, குரல் உயராமல் பதில் சொல்வார் பாருங்கள். மேலதிகாரியை மரியாதை குறையாமல் தலைகுனிய வைப்பது ஒரு கலை. நல்ல சுபேதார்களிடம் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆணை தப்பு என்று தெரிந்தும் காலிங்வுட்டும் ஓ'ரூர்க்கும் போகிறார்கள். கடைசியில் பாறை இடுக்கில் தர்ஸ்டே மன்னிப்புக் கேட்கும்போது, 'அதை நம் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்து வையுங்கள்' என்கிறார் ஓ'ரூர்க். சம்பந்தி ஆகப்போகிறவர் இன்னொரு சம்பந்தியிடம் பேசுவது. தர்ஸ்டே கடைசி வரை ஒத்துக்கொள்ளாத கல்யாணம் அது.

#5 தேன்சிட்டு

ஹவில்தார் ஐயா சொல்வதில் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. நீங்கள் எல்லோரும் தர்ஸ்டே, காலிங்வுட், பேரப்பிள்ளை என்றே பேசுகிறீர்கள். கோச்சிஸ் எங்கே?

போர் முடிந்ததும் கோச்சிஸ் தன் ஆட்களோடு யார்க்கின் எதிரே வருகிறார். நினைத்தால் மிச்சமிருந்த எல்லோரையும் முடித்திருக்கலாம். படையின் கொடியைக் கொண்டுவந்து தரையில் ஊன்றிவிட்டுத் திரும்பிப் போகிறார். புழுதி மூடுகிறது. படத்தில் மானத்தைக் கடைசி வரை காப்பாற்றியவர் அவர் ஒருவர்தான். அந்த ஆளுக்கு யார்க் செய்த கைம்மாறு என்ன? இறகுத் தொப்பி போட்ட கும்பலாக ஓவியத்தில் வரைந்ததை 'அப்படியே சரி' என்கிறார். அதோடு நிற்கவில்லை, அதே காட்சியில் இன்னொரு அபாச்சிப் போராளியான ஜெரோனிமோவைப் பிடிக்கப் படையோடு புறப்படுகிறார். பொய்க்கு ஒரு பலியாள் இருக்கிறான். அவன் ரெஜிமென்ட்டுக்கு வெளியே இருப்பதால் நமக்குத் தெரியவில்லை.

நிஜத்தில் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். கோச்சிஸ் இப்படி ஒரு ரெஜிமென்ட்டை அழித்தது கிடையாது. 1861ல் பாஸ்கம் என்ற இளம் அதிகாரி, பேச்சுவார்த்தைக்கு வந்த கோச்சிஸைப் பிடித்து வைக்கப் பார்த்தார். கோச்சிஸ் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு தப்பினார். இரண்டு பக்கமும் பிணையாளிகளைக் கொன்றது, பதினோரு வருடம் சண்டை நடந்தது. 1872ல் ஜெனரல் ஹோவர்டு நேரில் போய்ப் பேசி சமாதானம் செய்தார். 1874ல் கோச்சிஸ் இறந்தார். அடுத்த இரண்டே வருடத்தில் அந்த ரிசர்வேஷனை மூடி மக்களை சான் கார்லோஸ் என்ற வேறு ரிசர்வேஷனுக்கு விரட்டினார்கள். 1886ல் ஜெரோனிமோ சரணடைந்தபோது, ராணுவத்துக்கு வழிகாட்டிகளாக வேலை பார்த்த சிரிகாவா அபாச்சிகளையும் சேர்த்து ரயிலேற்றி ஃப்ளோரிடாவுக்குக் கைதிகளாக அனுப்பினார்கள். ஆக, யார்க் மாதிரி வாக்குக் கொடுத்தவர்களும் உண்டு, அந்த வாக்கு என்ன ஆனது என்பதும் உண்டு.

#6 நடுவரிசை

தேன்சிட்டு மேடம், 1948 படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா? அந்தக் காலத்துப் படங்களில் செவ்விந்தியன் என்றால் கத்திக்கொண்டு குதிரையிலிருந்து விழுவான், அவ்வளவுதான் வேலை.

#7 தேன்சிட்டு

எதிர்பார்க்கலாம், ஏனென்றால் இந்தப் படம் பாதி தூரம் வந்துவிட்டது. கோச்சிஸ் பேசும் காட்சியில், அந்த ஏஜென்ட் தன் மக்களை என்ன செய்தான் என்று அவர் சொல்வதை கேமரா பொறுமையாகக் கேட்கிறது. யார் பக்கம் நியாயம் என்பதில் படத்துக்குக் குழப்பமே இல்லை. பாதி வந்தவர்களிடம்தான் மீதியைக் கேட்க முடியும்.

#8 பழையரீல்

நல்ல சண்டை, தொடருங்கள். நடுவில் நடிகர்களைப் பற்றி நான் கொஞ்சம்.

கோச்சிஸாக வருபவர் மிகெல் இன்க்ளான், மெக்ஸிகோ நடிகர். 1950ல் லூயி புனுவெலின் 'லோஸ் ஒல்விதாதோஸ்' படத்தில் வரும் அந்தக் குரூரமான குருட்டுப் பாட்டுக்காரர் இவரேதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்ப மாட்டீர்கள். மொழிபெயர்க்கும் சார்ஜென்ட் போஃபோர்ட்டாக வரும் பெட்ரோ ஆர்மெண்டாரிஸ் மெக்ஸிகோவின் முதல் வரிசை நட்சத்திரம். பிற்பாடு 1963ல் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தில் இஸ்தான்புல்லில் ஜேம்ஸ் பாண்டுக்கு உதவும் கெரிம் பே. புற்றுநோயோடுதான் அந்தப் படத்தை நடித்து முடித்தார், அதே வருடம் இறந்துபோனார்.

மற்ற அபாச்சிகளாக வருபவர்கள் நவாஹோக்கள். படப்பிடிப்பு நடந்த மானுமென்ட் வேலி அவர்களுடைய நிலம். கோட்டை மட்டும் அங்கே இல்லை, கலிஃபோர்னியாவில் சிமி பள்ளத்தாக்குப் பக்கம் கோரிகன்வில் என்ற பண்ணையில் போட்ட செட்.

சரி, ஃபோண்டா. இதற்கு முன் ஃபோர்டிடம் அவர் செய்தவை: இளம் லிங்கன், 'கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தின் டாம் ஜோட், 'மை டார்லிங் கிளமெண்டைன்' படத்தின் வயட் எர்ப். அமெரிக்காவின் நேர்மையான முகம் என்று ஒன்று இருந்தால் அது இவர் முகம். அந்த முகத்தில் மீசையும் குறுந்தாடியும் ஒட்டி, முதுகில் கம்பு வைத்துக் கட்டியது போல நிற்க வைத்து, ஒரு படையையே சாகடிக்கும் வீம்புக்காரராக்கினார் ஃபோர்டு. செர்ஜியோ லியோனே 1968ல் ஃபோண்டாவை வில்லனாக்கியதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இருபது வருடம் முன்பே ஃபோர்டு செய்துவிட்டார். அதுவும் இதில் வில்லன் கூட இல்லை. தர்ஸ்டே கோழை இல்லை, பொய்யர் இல்லை, திருடன் இல்லை. மீச்சத்தை அருவருப்பாகத்தான் பார்க்கிறார். ஆனால் அரசு அனுப்பிய ஆள் என்பதற்காக அவனையும் காப்பேன் என்கிறார். சட்டப் புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்தவன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதை ஃபோண்டா அந்த விறைப்பிலேயே காட்டிவிடுகிறார்.

நடன மாலையில் சம்பிரதாயப்படி கர்னல்தான் சார்ஜென்ட் மேஜரின் மனைவியோடு அணிவகுப்பைத் தொடங்கி வைக்க வேண்டும். அவருக்கு அது வேம்பாகக் கசக்கிறது, ஆனால் ஒரு அடி பிசகாமல் ஆடுகிறார். அந்த ஒரு காட்சி போதும் ஃபோண்டா யார் என்று சொல்ல.

#9 டைகர்ரசிகன்

அண்ணா, நான் இந்தப் பக்கம் வந்ததே லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத்தான். கேப்டன் டைகர் கதைகளில் வரும் கோட்டை, பிடிவாதக்கார அதிகாரி, கோச்சிஸ், பேச்சுவார்த்தையில் துரோகம், எல்லாம் இந்தப் படத்தில் அப்படியே இருக்கிறதே! படம் முதலில் வந்ததா காமிக்ஸா?

#10 பழையரீல்

படம்தான் தம்பி. டைகரின் பிரெஞ்சு மூலமான புளூபெர்ரி 1963ல்தான் தொடங்கியது. அதில் பேச்சுவார்த்தையைக் கெடுக்கும் அதிகாரிக்கு பாஸ்கம் என்றே பெயர். தேன்சிட்டு மேலே எழுதியிருக்கும் அதே பாஸ்கம்.

#11 கறுப்புவெள்ளை

ஒளிப்பதிவைப் பற்றி யாரும் பேசவில்லை, எனவே நான். ஆர்ச்சி ஸ்டவுட் சில வெளிப்புறக் காட்சிகளை இன்ஃப்ராரெட் ஃபிலிமில் எடுத்தார். நீலவானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும், மேகம் வெள்ளை வெளேரென்று பிதுங்கும். முகம் வெளிறிவிடும் என்பதால் நடிகர்களுக்குத் தனி மேக்கப் வேண்டும். மானுமென்ட் வேலியின் பாறைகள் அந்த வானத்தின் முன்னால் நிற்கும்போது ஏதோ வேறு கிரகம் மாதிரி இருக்கும். அடுத்த வருடம் மூன்றில் இரண்டாவதான 'யெல்லோ ரிப்பன்' கலரில் வந்து ஒளிப்பதிவாளர் வின்டன் ஹோக்குக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. இருந்தாலும் என் ஓட்டு இந்தக் கறுப்பு வெள்ளைக்குத்தான். (பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.)

#12 நடுவரிசை

எல்லாம் சரி, தர்ஸ்டேவின் மகளாக அந்தப் பழைய குழந்தை நட்சத்திரம் ஷர்லி டெம்பிளை மட்டும் ஏன் போட்டார்கள்? காதல் காட்சி வரும்போதெல்லாம் எழுந்து காபி போடப் போய்விட்டேன். இளம் ஓ'ரூர்க்காக வரும் அந்தப் பையன் ஜான் ஏகர் நடிப்பு மரக்கட்டை.

#13 பழையரீல்

டிக்கெட் விற்கத்தான், வேறெதற்கு? ஆனால் அவருக்கும் ஃபோர்டுக்கும் பழைய கணக்கு உண்டு. 1937ல் 'வீ வில்லி விங்கி' படத்தை எடுத்தவர் ஃபோர்டு. கிப்ளிங் கதை, இந்தியாவின் வடமேற்கு எல்லையில் ஒரு பிரிட்டிஷ் கோட்டை, அங்கே வரும் சின்னப் பெண்ணாக ஷர்லி. அதிலும் விக்டர் மக்லாக்லன்தான் முரட்டு சார்ஜென்ட். கோட்டை, விறைப்பான கர்னல், எல்லைக்கு அந்தப் பக்கம் பகைவர் தலைவன், நடுவில் கர்னல் குடும்பத்துப் பெண். பத்து வருடம் கழித்து அதே அச்சை அரிசோனாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்றுகூட எனக்குத் தோன்றும். ஹாலிவுட்டுக்குக் கைபர் கணவாயும் அபாச்சி நாடும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான்.

ஜான் ஏகருக்கு இது முதல் படம். அப்போது அவர் ஷர்லி டெம்பிளின் நிஜக் கணவர். படப்பிடிப்பில் எல்லோர் முன்னாலும் 'மிஸ்டர் டெம்பிள்' என்று கூப்பிட்டே அவரை வதைத்தார் ஃபோர்டு. ஜான் வெய்ன்தான் தோளில் கைபோட்டுத் தேற்றியிருக்கிறார். பாவம், மரக்கட்டையாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமும் நீடிக்கவில்லை. ஏகர் பிற்பாடு ராட்சதச் சிலந்தி, ராட்சத மீன்மனிதன் என்று போய்விட்டார். ஷர்லி டெம்பிள் கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகவே ஆனார்.

#14 ஓய்வுஹவில்தார்

மக்லாக்லன் பேர் வந்ததால் சொல்கிறேன். மீச்சத்தின் கடையில் பைபிள் என்று எழுதிய பெட்டிகளைத் திறந்தால் உள்ளே கள்ளச் சரக்கு. 'அழித்துவிடு' என்று சார்ஜென்ட் மல்கஹியிடம் சொல்லிவிட்டு தர்ஸ்டே போகிறார். மல்கஹி சகாக்களைப் பார்த்து 'பெரிய வேலை காத்திருக்கிறது' என்கிறார். அடுத்த காட்சியில் எல்லோரும் கொட்டடியில். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த மனிதர் 1935லேயே ஃபோர்டின் 'தி இன்ஃபார்மர்' படத்துக்காகச் சிறந்த நடிகர் ஆஸ்கர் வாங்கியவர், அதற்கும் முன்னால் குத்துச்சண்டை வீரர், ஜாக் ஜான்சனோடு மோதியவர். இங்கே குடிகார சார்ஜென்டாக வந்து போகிறார்.

இன்னொரு வேடிக்கை. ராணுவத்தின் மனசாட்சியாக வரும் வெய்ன் இரண்டாம் உலகப்போரில் படையில் சேரவில்லை. படையை அழிக்கும் ஃபோண்டா நிஜத்தில் கடற்படையில் இருந்து வந்தவர். ஃபோர்டும் கடற்படைக்காரர், 1942ல் மிட்வே சண்டையைக் கேமராவில் பிடிக்கும்போது காயம்பட்டவர். எந்த மாதிரி அதிகாரியால் ஆள் சாவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

#15 தேன்சிட்டு

காதல் காட்சிகளில் காபி போடப் போன நடுவரிசைக்கு: போகும்போது நிஜமான பெண்களை விட்டுவிடாதீர்கள். காலிங்வுட்டின் மனைவி எமிலியாக அன்னா லீ, சார்ஜென்ட் மேஜரின் மனைவியாக ஐரீன் ரிச். படை புறப்படும் நேரத்தில்தான் காலிங்வுட்டுக்கு வெஸ்ட் பாயின்ட்டில் வாத்தியார் வேலைக்கு மாற்றல் வந்த செய்தி கிடைக்கிறது. இப்போது கூப்பிட்டால் அவர் திரும்பி வந்துவிடலாம், உயிர் பிழைக்கலாம். கூப்பிடு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எமிலி கூப்பிடவில்லை. ஏற்கெனவே கோழை என்ற பேச்சு கணவர்மேல் இருக்கிறது. படை தூரத்தில் மறையும்போது, 'எனக்கு அவர் தெரியவில்லை, கொடிகள்தான் தெரிகின்றன' என்கிறார்.

பொய்யைப் பற்றி விவாதிக்கிறோமே, அது இங்கேயே தொடங்கிவிட்டது என்பேன். மானம் என்ற பெயரில் புருஷனைச் சாவுக்கு அனுப்புகிற அந்த மௌனமும் யார்க்கின் பேச்சும் ஒரே குடும்பம். ஃபோர்டுக்கு இது அழகாகவும் தெரிகிறது, பயங்கரமாகவும் தெரிகிறது. எது தூக்கல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

#16 கறுப்புவெள்ளை

காலிங்வுட்டாக வரும் ஜார்ஜ் ஓ'ப்ரையன்தான் முர்னாவின் 'சன்ரைஸ்' (1927) படத்தின் நாயகன், அதற்கு முன் ஃபோர்டின் 'தி அயர்ன் ஹார்ஸ்' (1924) நாயகன். ஊமைப்பட இயக்குநர் கிரிஃபித் காலத்து நடிகை மே மார்ஷ் ஒரு ஓரத்தில் வருகிறார். ஃபோர்டின் அண்ணன் ஃபிரான்சிஸ் ஃபோர்டு, ஊமைப்பட நாட்களில் தானே பெரிய இயக்குநர், சின்ன வேஷத்தில் தலைகாட்டுகிறார். ஒரு காலத்தில் போஸ்டரில் முதலில் இருந்தவர்கள் எல்லாம் கோட்டையின் பின்வரிசையில் நிற்கிறார்கள்.

#17 நடுவரிசை

நான் ஒன்று கேட்கிறேன். ஃபோர்டே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறாரே. இயக்குநரும் சினிமா எழுத்தாளருமான பீட்டர் போக்டனோவிச் அவரிடம் கேட்டபோது, யார்க் செய்தது சரிதான், நாட்டுக்கு நல்லது, மாவீரர் என்று நாம் கொண்டாடும் பலர் அப்படி இல்லை என்று நமக்கே தெரியும், ஆனாலும் அண்ணாந்து பார்க்க நாட்டுக்கு வீரர்கள் வேண்டும் என்ற பொருளில் பேசினார். இயக்குநரே சொன்னபின் நாம் ஏன் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்?

#18 பழையரீல்

அவர் சொன்னார், மறுக்கவில்லை. ஆனால் ஃபோர்டு பேட்டியில் சொன்னதையும் படத்தில் செய்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீரரை வேண்டும் என்பவர் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து அந்த வீரர் எப்படிப்பட்ட முட்டாள் என்று காட்டுவானேன்? ஓவியம் மட்டும் போதுமே!

தர்ஸ்டேவின் பின்னால் கஸ்டர் என்ற நிஜ ராணுவ அதிகாரி நிற்கிறார் என்பது வெளிப்படை. போரில் ஜெனரல், பிறகு லெஃப்டினன்ட் கர்னல், 1876 ஜூன் 25ல் லிட்டில் பிக்ஹார்னில் சியூ, செயென் இனங்களோடு மோதித் தன் ஐந்து கம்பெனிகளோடு செத்தவர். அவர் மனைவி எலிசபெத் 1933 வரை உயிரோடு இருந்து, கணவரின் பெயருக்கு ஒரு கீறல் விழாமல் புத்தகம் புத்தகமாக எழுதினார். அந்த ஓவியமும் கற்பனை இல்லை. 1896ல் ஒரு பீர் கம்பெனி, கஸ்டரின் கடைசிச் சண்டை என்று ஒரு படத்தை அச்சடித்து நாடு முழுக்கச் சாராயக் கடைகளுக்குக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்துக்கொண்டே அந்தப் படத்தைத்தான் சரித்திரம் என்று பார்த்தார்கள். நம் ஊர் காலண்டர் சாமி மாதிரி. பார்வையாளர்களுக்கு அந்தச் சுவர்ப்படம் தெரியும் என்று ஃபோர்டுக்குத் தெரியும். அதைக் குறிவைத்துத்தான் 'எல்லா விவரமும் அப்படியே சரி' என்ற வரியை வைக்கிறார்.

திரைக்கதை எழுதிய ஃபிராங்க் நுஜென்ட், நியூயார்க் டைம்ஸில் சினிமா விமர்சகராக இருந்தவர், இதுதான் அவர் பெயர் போட்ட முதல் திரைக்கதை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிறப்பிலிருந்து வாழ்க்கை வரலாறு எழுதிவரச் சொன்னாராம் ஃபோர்டு. மூலக்கதை எழுதிய பெல்லாவுக்குப் பழங்குடிகள்மேல் துளி இரக்கம் கிடையாது. கோச்சிஸின் நியாயம் படத்துக்குள் வந்தது ஃபோர்டும் நுஜென்ட்டும் சேர்ந்து செய்த வேலை.

எனவே என் பதில்: யார்க் சொல்வது பொய், அவர் அதை அறிந்தே சொல்கிறார், படமும் அது பொய் என்று நம்மிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறது. பத்திரிகையாளர் ஏமாந்துபோகிறார், நாம் ஏமாறவில்லை. 1962ல் 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வாலன்ஸ்' படத்தில் கட்டுக்கதையையே அச்சிடு என்ற அந்தப் பிரபலமான வசனத்தை ஃபோர்டு வைத்தபோதும் இதே வேலையைத்தான் செய்தார். அச்சிடு என்று ஆசிரியர் சொல்கிறார், ஃபோர்டு உண்மையைப் படமாக எடுத்து வைத்துவிட்டார்.

#19 ஓய்வுஹவில்தார்

அப்படியானால் யார்க் நல்லவரா கெட்டவரா?

#20 தேன்சிட்டு

கடைசியில் அவர் தலையைப் பாருங்கள் ஐயா. படம் முழுக்க அகலத் தொப்பி போட்டவர், முடிவில் தர்ஸ்டே போட்டிருந்த மாதிரியே கழுத்துத் துணி வைத்த குல்லாயை மாட்டிக்கொண்டு புறப்படுகிறார். எனக்குப் பதில் அங்கே கிடைத்துவிட்டது.

#21 ஓய்வுஹவில்தார்

அம்மா, அந்தக் குல்லாய் தர்ஸ்டேவுடையது மட்டும் இல்லை, பதவியினுடையது. மாதம் பதின்மூன்று டாலர் சம்பளத்துக்குப் பயறைத் தின்றுகொண்டு, தண்ணீர்க் குப்பியின் கடைசிச் சொட்டைப் பங்குபோட்டுக் குடிப்பவர்கள் சாகவில்லை, ரெஜிமென்ட் இருக்கும்வரை இருப்பார்கள் என்று யார்க் பேசுகிறாரே, அது பொய்யா? அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பதற்காக முன்னால் ஒரு பொய்யை விழுங்கினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன கோச்சிஸ் விஷயம் மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

#22 டைகர்ரசிகன்

ஒரு சின்னக் கேள்வி, சண்டையை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். மூன்று படத்தையும் எந்த வரிசையில் பார்ப்பது? ரியோ கிராண்டேவிலும் வெய்ன் பெயர் கிர்பி யார்க்தானே, தொடர்ச்சியா?

#23 பழையரீல்

தொடர்ச்சி என்று கறாராகச் சொல்ல முடியாது தம்பி. பெயர் ஒன்று, ஆள் வேறு மாதிரி. குவின்கனன் என்ற சார்ஜென்ட்டையே எடுத்துக்கொள், இந்தப் படத்தில் டிக் ஃபோரன், அடுத்த இரண்டிலும் மக்லாக்லன். வெளிவந்த வரிசையில் பார். 'யெல்லோ ரிப்பன்' படத்தில் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த வெய்ன், ஓய்வுபெறப்போகும் கிழட்டு கேப்டனாக வருகிறார், அவர் நடிப்பில் எனக்குப் பிடித்தவற்றில் அது ஒன்று. பென் ஜான்சன் என்று ஒரு குதிரைக்காரரையும் அதில் கவனி. ஃபோர்ட் அபாச்சியில் அவர் வெறும் ஸ்டண்ட் ஆள். ஆட்களோடு மிரண்டு ஓடிய ஒரு வண்டியைத் துரத்திப் பிடித்து நிறுத்தினார், அதைப் பார்த்த ஃபோர்டு கையோடு ஒப்பந்தம் போட்டு நடிகராக்கிவிட்டார். 'ரியோ கிராண்டே' மூன்றில் கொஞ்சம் இளைத்தது. ஃபோர்டு 'தி கொயட் மேன்' எடுக்க ஆசைப்பட்டார், முதலில் வெய்ன், மோரீன் ஓ'ஹாரா ஜோடியை வைத்து லாபம் வரும் ஒரு வெஸ்டர்ன் எடுத்துக் கொடு என்று ரிபப்ளிக் கம்பெனி கேட்டதால் வந்த படம் அது. ஆனாலும் மோரீன் ஓ'ஹாராவுக்காகப் பார்க்கலாம்.

ஹவில்தார் அண்ணே, தேன்சிட்டு, நீங்கள் இரண்டு பேரும் 'யெல்லோ ரிப்பன்' படத்துக்குத் தனி இழை திறந்தால் அங்கே வருகிறேன்.

#24 நடுவரிசை

திறங்கள். காபி போட்டுக்கொண்டு வருகிறேன்.